செட்டிநாடு தேர்ந்தெடுத்த குரல்கள்

ஆத்தங்குடி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தரையில் பதிக்கும் அந்தக் கல்தான். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவிட்டு எடுக்கிறார்கள். இதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அதே ஊரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும், ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்ப் பாட்டின் வரலாற்றில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகை எதிரே வரும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரியக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், குன்றக்குடி, காரைக்குடி, சற்றுத் தள்ளிச் சிறுகூடல்பட்டி.

இந்தப் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு. இவ்வூர்களில் பாடிப் புகழ்பெற்றவர்கள் குறைவு, பாடவைத்தவர்கள் அதிகம். யார் பாடலாம், எந்த மொழியில் பாடலாம், யாருடைய வாயசைப்புக்கு யாருடைய குரல் பொருந்தும் என்று முடிவு செய்தவர்களில் பலர் இந்த வட்டாரத்துக்காரர்கள். தமிழர்கள் இன்று ‘எனக்குப் பிடித்த குரல்’ என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளும் பல குரல்கள், முதலில் ஒரு செட்டிநாட்டுக்காரருக்குப் பிடித்த குரல்களாக இருந்தவை.

மேடையும் இசைத்தட்டும் வருவதற்கு முன்னால் இங்கே பாட்டு வீட்டுக்குள்தான் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் ஆச்சிமார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன ஆண்கள் மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். அதுவரை வீட்டின் உள்முற்றமான வளவில் தூளியை ஆட்டிய கை பெண்களுடையது. நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் தாலாட்டு குழந்தையைத் தூங்கவைப்பதோடு நிற்காது. தாய்மாமன் பெருமை, ஐயாவின் தொழில், கோயில், செய்முறை என்று ஒரு குடும்பத்தின் வரவுசெலவையே பாடிவிடும். சாவு வீட்டில் அதே பெண்கள் ஒப்பாரி கட்டினார்கள். ராகம் பழையது, சொற்கள் அந்த வீட்டுக்கென்றே அந்த நேரத்தில் பிறப்பவை. நல்ல குரல், மோசமான குரல் என்ற பேச்சே அங்கே எழாது. சொல் தடுக்காமல் வருகிறதா என்பதுதான் கேள்வி. பின்னாளில் மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் வரிகளைச் சொன்ன கண்ணதாசன் இந்த ஊர்ப்புறத்துப் பிள்ளை என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

ஆண்களின் பாட்டு தெருவில் இருந்தது. தை மாதம் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் புறப்படும். பல நாள் நடை, காவடி தோளில், பாட்டு வாயில். முன்னால் போகிறவர் எடுத்துக்கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடைக்குத் தாளம் பிசகினால் கால் வலிக்கும் என்பதால் இங்கே தாளம்தான் முதலாளி.

வெளியிலிருந்து குரல்களை வரவழைத்தது கல்யாணம். ஆத்தங்குடியின் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் முகப்பைக் கடந்ததும் விரியும் கூடத்தைப் பார்த்து இத்தனை இடம் எதற்கு என்று கேட்பதுண்டு. அந்தக் கூடமும் வளவும் நிரம்புவது கல்யாணத்தன்றுதான். தேக்குத் தூண்களுக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து, நாகஸ்வரக்காரர்களையும் பாட்டுக் கச்சேரிக்காரர்களையும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரவழைப்பது செல்வந்தர் வீட்டு வழக்கம். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சம்பந்திக்குக் கேட்காவிட்டால் கச்சேரிக்குக் கொடுத்த பணம் வீண்.

அப்படிப்பட்ட கூட்டத்தை அறிந்து பாடிய ஒருவர் பக்கத்திலேயே பிறந்திருந்தார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1890. இன்று நாம் கேட்கும் கர்நாடக சங்கீதக் கச்சேரியின் வரிசைமுறை பெரும்பாலும் அவர் போட்ட தடம் என்பார்கள். வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, நடுவில் கனமான உருப்படியை வைத்து, கடைசியில் துக்கடாக்கள் என்ற சிறு உருப்படிகளை அள்ளிக்கொடுத்து முடிக்கும் முறை. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் இழைத்துக்கொண்டிருந்த பழைய போக்கோடு ஒப்பிட்டால் இது பொதுஜனத்துக்கான ஏற்பாடு. யாருக்கும் அலுக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் பிடித்தது ஒன்றாவது கிடைக்க வேண்டும். திருப்பாவைக்கும் அருணாசலக் கவியின் ராம நாடகப் பாடல்களுக்கும் அவர் அமைத்த மெட்டுகள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. அவர் குரல் மயக்கும் வகையைச் சேர்ந்தது அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும், எதை எப்போது எவ்வளவு பாடுவது என்ற கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் கணக்கில் மொழி என்ற கேள்வியை நுழைத்தவர் கானாடுகாத்தான்காரர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1941-ல் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் துக்கடா இடத்திலேயே ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது அவர் தரப்பின் கேள்வி. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. ராஜாஜி, கல்கி, டி.கே.சி. ஆகியோர் ஆதரித்தார்கள். சபாக்களின் தரப்பிலிருந்து கடுமையான எதிர்ப்பும் வந்தது. அந்தச் சண்டையின் முழுக்கதை பெரியது. இங்கே வேண்டியது ஒன்றுதான். இதில் முன்னே நின்ற பாடகர்களில் எம்.எம். தண்டபாணி தேசிகரைப் போலச் சினிமாவிலும் கச்சேரியிலும் ஒரே நேரத்தில் கால் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். சாதாரண ஜனங்களுக்கு ஏற்கனவே தெரிந்த குரல்கள் வழியாகத்தான் தமிழ்ப் பாட்டு மேடையின் நடுவுக்கு வந்தது.

இந்த இயக்கத்துக்கு முன்னாலேயே காரைக்குடியில் ஒரு கடைக்காரப் பையன் தன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஆவிச்சி மெய்யப்பன், 1907-ல் பிறந்தவர். அப்பாவின் கடையில் மோட்டார் சாமான்களோடு கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்றார்கள். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் சில விநாடி. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாற்ற வேண்டும், சாவி கொடுக்க வேண்டும். கை தவறி விழுந்தால் அரக்குத் தட்டு தூள்தூளாகும். விற்பவனுக்கு எந்தத் தட்டு போகிறது, எது அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது என்பது நாள்தோறும் தெரியும். ஊர் ஊராக விற்றவனுக்கு எந்த ஊருக்கு எந்தக் குரல் பிடிக்கும் என்பதும் தெரியும். சங்கீத வித்வானுக்குக் கிடைக்காத கல்வி இது.

1930-களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் முத்திரையில் தட்டுகளைத் தயாரிக்கலானார். பிறகு படம். முதல் இரண்டு படங்களும், ‘அல்லி அர்ஜுனா’வும் ‘ரத்னாவளி’யும், கையைச் சுட்டன. மூன்றாவதாக 1938-ல் வந்த ‘நந்தகுமார்’தான் குரல் வரலாற்றுக்கு வேண்டிய படம். அதில் இரண்டு காரியங்கள் நடந்தன. நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்த டி.ஆர். மகாலிங்கம் என்ற சோழவந்தான் பக்கத்துச் சிறுவனைக் கிருஷ்ணனாகத் திரையில் கொண்டுவந்தார். இன்னொன்று, பாட வராத நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். தமிழ்ப் படத்தில் பின்னணிக் குரல் நுழைந்தது இப்படித்தான் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள்.

பாடத் தெரிந்தவர்தான் நடிக்கலாம் என்று இருந்த காலத்தில் இது சின்ன விஷயமல்ல. எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் கோலோச்சியது குரலால்தான். உடலையும் குரலையும் பிரிக்கலாம் என்ற எண்ணம், தட்டு வியாபாரிக்குத் தோன்றியதில் ஒரு நியாயம் இருக்கிறது. முகமே இல்லாத குரலை விற்றுப் பழகியவருக்கு முகமும் குரலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் தெரியாது.

அந்த எண்ணம் முழுமையடைந்தது 1945-ல், ‘ஸ்ரீ வள்ளி’யில். நாடக மேடையில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணம் ஆடிப்பாடி ஜனங்களைக் கிறங்கவைத்திருந்த கதை அது. கிட்டப்பா 1933-லேயே போய்விட்டார். அவருடைய உச்ச ஸ்தாயிக்கு ஏங்கியவர்களின் ஏக்கத்தை மகாலிங்கம் தீர்த்துவைத்தார். கதாநாயகி ருக்மிணிக்கு அழகும் நடிப்பும் இருந்தன, பாட்டு மட்டும் மகாலிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. படம் வெளியான பிறகு மெய்யப்பன் செய்ததுதான் அன்று யாரும் கேள்விப்படாதது. பி.ஏ. பெரியநாயகியை அழைத்து, திரையில் ருக்மிணியின் உதடுகளைப் பார்த்துப் பாடவைத்து, பழைய ஒலியை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்தார். அந்தக் காலத்தில் ஒலி படச்சுருளின் ஓரத்திலேயே கோடாகப் பதிந்திருக்கும். குரலை மாற்ற வேண்டுமென்றால் பிரதியையே மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருந்த படத்துக்குப் புதுப் பிரதி போட்டுக் கொட்டகைகளுக்கு அனுப்பினார். செலவு செய்த படத்துக்கு மேலும் செலவு செய்யச் செட்டியாருக்கு மனம் வந்ததென்றால், குரல் சரியில்லாத சரக்கு திரும்பி வரும் என்பது அவருக்குப் பழைய கடை அனுபவம்.

1945 அக்டோபரில் மெய்யப்பனின் படக் கம்பெனியாக ஏவி.எம். என்ற பெயர் பிறந்தது. யுத்தகால மின்வெட்டும் இடப்பற்றாக்குறையும் சென்னையில் ஸ்டுடியோ கட்ட விடவில்லை. மெய்யப்பன் ஊர் திரும்பி, காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டார். ஆத்தங்குடிக்காரர்கள் சந்தைக்குப் போகும் தூரத்தில் சினிமா ஸ்டுடியோ! அங்கே எடுத்த ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே, விடுதலை வந்துவிட்டதாகவே ஆடிப் பாடியது. அதில் வந்த பாரதி பாடல்களின் உரிமையை ஜேசிங்லால் மேத்தா என்ற குஜராத்தி வணிகரிடமிருந்து மெய்யப்பன் வாங்கி வைத்திருந்தார். கவிதைக்கு உரிமை வாங்கலாம் என்பதும் ஒரு வியாபாரியின் யோசனைதான். அதனால் எழுந்த சர்ச்சையும் பிறகு 1949-ல் அவ்வுரிமை அரசுக்குப் போனதும் தனிக்கதை.

அப்பாடல்களுக்கு அவர் பிடித்த குரல் டி.கே. பட்டம்மாள். கச்சேரி மேடையின் பெருமாட்டி. பக்தியும் தேசபக்தியும் தவிர வேறு எதுவும் சினிமாவுக்குப் பாடுவதில்லை என்பது அவருடைய நிபந்தனை. சிறுமி கமலா ஆட, பட்டம்மாள் பாட, கச்சேரிக் குரல் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே படத்தில் இன்னொரு குரல் எதிர்க்கோடியில் இருந்தது. எம்.எஸ். ராஜேஸ்வரி. இசையமைப்பாளர் ஆர். சுதர்சனத்தின் கண்டுபிடிப்பு. ஏவி.எம்.மில் மாதச் சம்பளம் வாங்கிய பாடகி. குழந்தைக் குரல் என்றால் அவர்தான் என்று ஆகிப்போனது. 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசன் வாயசைத்துக் கண்ணீர் வரவழைத்தது ராஜேஸ்வரியின் குரலுக்குத்தான். பட்டம்மாளின் கனத்தையும் ராஜேஸ்வரியின் கீச்சையும் ஒரே படத்துக்கு எடுத்தவரின் ரசனை என்ன ரசனை என்று சங்கீதக்காரர்கள் கேட்கலாம். கடைக்காரருக்கு இரண்டும் தேவை.

1948-ல் ஸ்டுடியோ சென்னை வடபழனிக்குப் போய்விட்டது. காரைக்குடிக் கொட்டகை நின்றது இரண்டே ஆண்டு.

ஆனால் குரல்கள் ஊருக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தன, ஒலிபெருக்கி வழியாக. புனல் குழாயைப் பனைமரத்திலோ வேப்பமரத்திலோ கட்டிவிட்டால் நாலு ஊருக்குக் கல்யாணம் தெரியும். ரேடியோ செட்டுக்காரர் முதலில் வைக்கும் தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிள்ளையார்பட்டி பக்கத்தில் இருக்கும் ஊர்களில் அதற்கு இன்னும் கூடுதல் உரிமை. கணீர் என்ற அந்தக் குரல், மலிவான ஸ்பீக்கரின் கரகரப்பையும் மீறி வயல் தாண்டிக் கேட்கும். பிறகு டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். நாகூர் ஹனிபாவின் குரல் இரண்டு கொடிகளின் கீழ் ஒலித்தது, இஸ்லாமியப் பாடலுக்கும் தி.மு.க. மேடைக்கும். சாமி கும்பிடாத கட்சிக்கும் தொழுகையாளிக்கும் ஒரே குரல் பொருந்தியது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அந்த உரத்த தொண்டைக்கு முன்னால் கேட்கத் தோன்றாது.

வானொலியின் பங்கையும் விட முடியாது. 1950-களில் மத்திய அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து ஒதுக்கியபோது, தென்கடலோர மாவட்டங்களுக்கு அது பெரிய இழப்பாக இல்லை. முள்ளைத் திருப்பினால் இலங்கை வானொலி தெளிவாகக் கிடைத்தது. மைக் வந்ததால் மேடையில் கத்தத் தேவையில்லாத குரல்களுக்கும் வாழ்வு வந்திருந்தது. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ் போன்ற மெல்லிய குரல்கள் ஐந்து கட்டை நாடக மேடையில் முதல் வரிசையையே தாண்டியிருக்காது. பிடித்த குரல் எது என்பதை ரசனையோடு கருவியும் சேர்ந்தே முடிவு செய்தது.

பாட்டைக் கேட்டவர்கள் அடுத்துக் கேட்டது பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற அந்த மெலிந்த தாள்களைக் குப்பை என்று வீசியவர்கள்தான் அதிகம். கோட்டையூர் ரோஜா முத்தையா வீசவில்லை. விளம்பரப் பலகை எழுதிய அவர், நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் பெரிய நூல்களோடு சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைநிறுத்த உதவியது. யார் எந்த ஊரில் எந்த நாடகத்தில் பாடினார் என்று இன்று தேடுகிறவர்கள் போய் நிற்பது அங்கேதான்.

மகாலிங்கத்தின் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. சொந்தமாகப் படம் எடுத்துக் கடனில் விழுந்து, 1950-களின் நடுவில் அவர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். சௌந்தரராஜன் காலம் தொடங்கிவிட்டது. ‘பராசக்தி’யில் சி.எஸ். ஜெயராமன் குரலுக்கு வாயசைத்த சிவாஜி, 1954-ல் ‘தூக்குத் தூக்கி’க்குப் பிறகு சௌந்தரராஜனிடம் வந்திருந்தார். தானே பாடி நடிக்கும் நாயகனுக்கு இனி இடமில்லை என்று கோடம்பாக்கம் தீர்மானித்திருந்த நேரத்தில், சிறுகூடல்பட்டியில் பிறந்து காரைக்குடிக்குத் தத்துப்போன கண்ணதாசன் 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’யைத் தயாரித்து மகாலிங்கத்தையே நாயகனாக்கினார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. பாடல்கள் ஓடின, பாடியவரும் எழுந்தார். காரைக்குடிக்காரர் கண்டெடுத்த குரலை இருபது வருடம் கழித்து இன்னொரு செட்டிநாட்டுக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார்.

அதே படத்தில் அறிமுகமானவர் மனோரமா. மன்னார்குடியில் பிறந்தாலும் வளர்ந்தது ஆத்தங்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரில், தாயின் உழைப்பில். சிறுவயதிலேயே நாடகத்தில் பாடி ஆடி, ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் வாங்கியிருந்தார். ஆயிரத்துக்கும் மேல் படங்கள் என்ற கணக்கில் அவருடைய பாட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1968-ல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் வி. குமார் இசையில் மெட்ராஸ் பாஷையில் அவர் பாடிய பாட்டைக் கேட்டால், மேடைப் பயிற்சி என்ன செய்யும் என்று புரியும். தாளத்தை விட்டுவிட்டது போல் இழுத்து, சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் குறும்பு வேறு பின்னணிப் பாடகிக்கு வந்திருக்காது. பள்ளத்தூர் வளர்த்த பெண் மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரர் பேச்சை அவ்வளவு கச்சிதமாகப் பாடியது வேடிக்கைதான்.

குன்றக்குடியின் பங்கு தொண்டையிலிருந்து வரவில்லை, வில்லிலிருந்து வந்தது. குன்னக்குடி வைத்தியநாதன் வயலினைப் பேசவும் சிரிக்கவும் வைத்தார். சம்பிரதாயக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஜனம் ரசித்தது. இசையமைப்பாளராக அவர் ‘வா ராஜா வா’ தொடங்கி ‘அகத்தியர்’, ‘ராஜராஜ சோழன்’ வரை செய்த படங்களில் சீர்காழியின் குரலுக்குக் கொடுத்த இடம் பெரியது. காவடி நடை கேட்டு வளர்ந்தவர் என்பது அவருடைய பக்திப் பாட்டுகளின் தாளத்தில் தெரியும்.

அடுத்த திருப்பத்திலும் சிறுகூடல்பட்டி இருக்கிறது. கண்ணதாசனின் அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம், பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராசையாவை, பின்னாளின் இளையராஜாவை, மேஜையில் தாளம் போட்டுப் பாடச்சொல்லிக் கேட்டார். கேட்டது நாட்டுப்புற மெட்டு. ஒலிப்பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போக, கூடியிருந்தவர்கள் சகுனம் பார்த்தார்கள். பஞ்சு பின்வாங்கவில்லை. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. எஸ். ஜானகியின் குரல் வயல்காட்டுப் பெண்ணாக மாறியிருந்தது. அதுவரை சினிமா பயன்படுத்திய கிராமியக் குரல் பெரும்பாலும் மேக்கப் போட்ட குரல். ஜானகியிடம் இளையராஜா வாங்கியது தாலாட்டும் நடவுப்பாட்டும் கேட்டு வளர்ந்த காதுகளுக்குச் சொந்தக்காரியாகத் தோன்றிய குரல்.

1980-ல் ‘முரட்டுக்காளை’. தயாரிப்பு ஏவி.எம்., இயக்கம் காரைக்குடி எஸ்.பி. முத்துராமன், எழுத்து பஞ்சு அருணாசலம், இசை இளையராஜா. ரஜினிகாந்துக்குப் பொங்கல் பாட்டுப் பாடியவர் மலேசியா வாசுதேவன். கிள்ளான் பக்கத்தில் மலையாளக் குடும்பத்தில் பிறந்து, அங்கே நாடகமும் பாட்டுமாகத் திரிந்து சென்னைக்கு வந்தவர். 1977-ன் ‘16 வயதினிலே’தான் அவரைத் தூக்கிவிட்டது. வட்டிக்குக் கொடுக்க நகரத்தார் கப்பல் ஏறிப்போன அதே மலாயாவிலிருந்து, அவர்கள் நாட்டுப் படத்துக்கு ஒரு கரடுமுரடான, வேர்வை வாசமடிக்கும் குரல் வந்து சேர்ந்தது. தை மாதம் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும் நாட்களில், சுற்றுவட்டார ஒலிபெருக்கிகளில் சீர்காழி முடிந்ததும் வாசுதேவன்தான் வருகிறார்.